எட்டாம் இடத்துச் செவ்வாய்

விழுப்புரத்தில் ஒரு சிறிய டி.டி.பி. கடையில் கலைமதி பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். வயது நாற்பத்தைந்து. காலையில் மயிலத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம் என்று எது வந்தாலும் தட்டச்சு செய்வாள். ஆனால் கடையில் அதிகம் நடப்பது ஜாதகம்தான். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் கணினியே ஒன்பது கிரகங்களையும் பன்னிரண்டு கட்டங்களில் உட்கார வைத்துவிடும். அதை அச்செடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பாள்.

தன் ஜாதகத்தை மட்டும் அவள் அந்தக் கணினியில் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. அதில் செவ்வாய் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வயதில் அவளுக்கும் கெடாரைச் சேர்ந்த அருளுக்கும் நிச்சயம் நடந்தது. அருள் எலக்ட்ரீஷியன். அவனை அவள் பார்த்தது இரண்டே முறை. நிச்சயத்தன்று பந்தலில் எரியாமல் கிடந்த ட்யூப்லைட்டை, மாப்பிள்ளைச் சட்டையோடு ஸ்டூலில் ஏறி அவனே சரிசெய்துவிட்டு இறங்கி, அவளைப் பார்த்துச் சிரித்தான். ஒரு மாதம் கழித்து அவன் தாயார் காசியம்மாள் வேறொரு ஜோசியரிடம் ஜாதகத்தைக் காட்டினாள். பெண்ணுக்கு எட்டாம் இடத்தில் செவ்வாய், புருஷன் தங்கமாட்டான் என்று அவர் சொல்லிவிட்டார். மறுவாரமே இரண்டு பேர் வந்து தாம்பூலத் தட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள். கலைமதியின் அப்பா சுப்பராயலு கடலை பிடுங்க மல்லாட்டைக் கொல்லைக்கு நடந்தார்.

அந்த ஆண்டே அருளுக்கு அம்பிகா என்ற பெண்ணைக் கட்டிவைத்தார்கள். ஒரு குறையும் இல்லாத ஜாதகம் என்றார்கள். மூன்றாம் ஆண்டில், வேலை முடிந்து வண்டியில் திரும்பிய அருள்மீது லாரி மோதியது. அங்கேயே உயிர் போனது.

சேதி மயிலத்துக்கு வந்த அன்று கலைமதி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற ஒருத்தி, "நிச்சயம் பண்ணதுக்கே ஆளு போய்ட்டான் பாரு" என்றாள். தட்டு திரும்பி வந்தபோது அழாதவள், அன்று குடத்தோடு தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகும் வரன்கள் வந்தன. அதே தோஷம் உள்ள மாப்பிள்ளைகள், மனைவியை இழந்தவர்கள். எல்லாவற்றையும் அவள்தான் வேண்டாம் என்றாள். தோஷத்தால் பெண் நின்றுவிட்டாள் என்று ஊர் பேசியது. இன்னொரு மனிதன் தன்னால் செத்துப்போவானோ என்று அவள் பயந்தது யாருக்கும் தெரியாது. ஜாதகத்தை அவள் அப்படி ஒன்றும் நம்பிவிடவில்லை. ஆனால் பயம் போகவில்லை. அவள் அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் மலையேறி முருகனை வேண்டிக்கொண்டிருந்தாள், கால் ஓயும் வரைக்கும்.

சென்ற டிசம்பரில், புயல் மழையில் கடைக்குள் புகுந்த தண்ணீரை இறைத்து முடித்த வாரம், திண்டிவனம் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தும் அமலா ஒரு கையெழுத்துப் பிரதியோடு வந்தார். நாற்பது பக்கம். சூரியனையும் அதைச் சுற்றி வருபவற்றையும் பற்றிய சிறு புத்தகம்.

கலைமதி வழக்கம்போல் எழுத்தை மட்டும் பார்த்துத் தட்டத் தொடங்கினாள். இரண்டாம் பக்கத்தில் கை நின்றது. சூரியனுக்குள் பதின்மூன்று லட்சம் பூமிகளை அடைக்கலாம் என்று எழுதியிருந்தது. புதனுக்கு எண்பத்தெட்டு நாளில் ஓர் ஆண்டு முடிந்துவிடுகிறது. வெள்ளி ஈயம் உருகும் சூட்டில் கிடக்கிறது. வியாழனுக்கு இப்பால் ஆயிரமாயிரம் பாறைகள் சுற்றுகின்றன. சனி வளையங்களோடு ஒரு சுற்று வர இருபத்தொன்பது ஆண்டுக்கு மேலாகிறது. அதற்கும் அப்பால், அவளுடைய எந்தக் கட்டத்திலும் இடமில்லாத யுரேனஸ், நெப்டியூன். இன்னும் தொலைவில் புளூட்டோ போன்ற குட்டிக் கோள்கள், வால்நட்சத்திரங்கள். தினமும் தான் தட்டும் ஒன்பதில் சூரியன் ஒரு நட்சத்திரம் என்பதையும், ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல, நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள் என்பதையும் அன்றுதான் படித்தாள். பூமி அந்த ஒன்பதில் இல்லவே இல்லை.

செவ்வாய்க்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார் அமலா. பூமியில் பாதி அகலம். துருப்பிடித்த மண். குளிர். இரண்டு சின்ன நிலவுகள். ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம்.

பிழை திருத்த வந்த அமலாவிடம் அவள் கேட்டாள்: "மேடம், இது நம்மகிட்ட எப்பவாச்சும் கிட்ட வருங்களா?"

"இருபத்தாறு மாசத்துக்கு ஒருக்கா வரும். இப்ப ஜனவரியில கிட்டதாங்க. ஒன்பது கோடி கிலோமீட்டருக்கு மேல."

"அதுவா கிட்ட?"

"அதுக்கு அது கிட்ட. திண்டிவனத்துல ஸ்கூல் கிரவுண்டுல டெலஸ்கோப் வைக்கிறோம், வந்து பாருங்க."

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்ந்ததும் கலைமதி அங்கே போனாள். மேற்கே வெள்ளியும் சனியும், உச்சிக்கு அருகே வியாழன், கிழக்கே செவ்வாய். வரிசையில் அரை மணி நேரம் நின்றாள். குனிந்து கண்ணை வைத்தபோது, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு வட்டம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. மிளகு அளவுகூட இல்லை. அதற்கு முகமில்லை, கோபமில்லை. பின்னால் நின்றவர்கள் ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தும்வரை பார்த்தாள். பிறகு மைதானத்து ஓரமாகப் போய், புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். இருபது வருஷத்து அழுகை. அமலா வந்து பக்கத்தில் நின்றார்.

அடுத்த மாதம் ஒரு பகலில், கடைக்கு ஒரு பெண்மணி வந்து கசங்கிய தாளை மேசையில் வைத்தாள். "எம் பொண்ணு ஜாதகங்க. ஏழுல செவ்வா இருக்குதாம். ஒரு நல்ல எடம் வந்துக்கினு இருக்குது. அத மட்டும் வேற கட்டத்துல தள்ளி அடிச்சிக் குடுங்களேன்."

கலைமதி தாளைப் பிரித்தாள். பெயர் காயத்ரி. தகப்பனார் அமரர் அருள், கெடார்.

எழுத்துகள் சற்று நேரம் கண்ணில் நிற்கவில்லை. "நீங்க அம்பிகாவா?" என்றாள்.

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"நான் மயிலம். கலைமதி."

அம்பிகா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "எங்க மாமியார் சாவுற வரைக்கும் உங்களத்தான் சபிச்சிக்கினு கெடந்தாங்க. நானும் உங்களாலதான்னு நெனச்சேன் அக்கா. எம் ஜாதகம் சுத்தம்னு சொல்லித்தானே கட்டுனாங்க. பின்ன யாரச் சொல்றது?"

"லாரிய ஓட்டுனவனச் சொல்லணும். நானும் அதச் சொல்லாம இருந்துட்டேன்."

அம்பிகா அழுது முடிக்கும்வரை கலைமதி காத்திருந்தாள். பிறகு தாளை மேசையில் நீவி வைத்தாள். "மாத்தி அடிக்க ரெண்டு நிமிஷம் ஆவாது. ஆனா அந்த வீட்டுல நாளைக்கு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பொய் ஜாதகத்தோட வந்ததாலதான்னு உங்க பொண்ணு உள்ளுக்குள்ள செத்துக்கினு இருக்கும். நான் அப்படி இருந்திருக்கேன். அது வேணாம். இருக்கிறத இருக்கிறபடி சொல்லுங்க. ஏத்துக்கிட்டா ஏத்துக்கட்டும்."

"விட்டுப் போய்ட்டாங்கன்னா?"

"போவட்டும்" என்றாள் கலைமதி.

அம்பிகா உள்ளபடியே அச்செடுத்துக்கொண்டு போனாள்.

அந்த இடம் தட்டிப்போனது. பத்து நாளில் அம்பிகா போனில் சொன்னாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கைவைத்துவிட்டோமோ என்று கலைமதி அன்று முழுக்கக் கலங்கினாள். ஆனால் மறுநாள் காயத்ரியே கூப்பிட்டாள். "நானே அம்மாகிட்ட மாத்த வேணாம்னுதான் சொன்னேன் பெரிம்மா. அதக் கேக்காம கடைக்கு வந்துட்டாங்க. நான் புதுச்சேரியில வேலைக்குச் சேர்ந்துட்டேன். அதச் சொல்லத்தான் போன் பண்ணேன்." பெரிம்மா என்று அவளை அதுவரை யாரும் அழைத்ததில்லை.

கடை முதலாளி சீனுவாசனிடம், இனி ஜாதகத்தை வேறு ஆள் அடிக்கட்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவர் காரணம் கேட்டார். "கண்ணு வலிக்குது சார்" என்றாள். சரி என்றுவிட்டார்.

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் வந்த அம்பிகாவும் காயத்ரியும், மலையிறங்கியதும் கலைமதியின் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த சுப்பராயலு, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"கெடாருங்க" என்றாள் அம்பிகா. "அருளோட சம்சாரம். இது அவரு பொண்ணு."

பெரியவர் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கலைமதி உள்ளே கைவேலையை நிறுத்திவிட்டு நின்றாள்.

"வெயில்ல வந்திருக்குதுங்க. எல போடு கலைமதி" என்றார் அவர்.