ஆறு வோல்ட் பழக்கம்

"...நிக்கறதே கியர்ல நிக்குது. நீ போய் அதுக்கு எதிர்ல குந்திகினு கீற. எழுந்து இப்டி வாய்யா" என்று பக்கத்தில் நின்ற என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். 2009-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நடந்தது இது.

அப்பா வாங்கிப் போட்ட பழைய பெட்ரோல் டிராக்டர். ஆறு வோல்ட் பேட்டரி. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் முனகும், அவ்வளவுதான். தெருவில் அந்தச் சத்தத்துக்கு 'மாமியார் முனகல்' என்று பேரே உண்டு. ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். பிரேக் பிடிக்காததால் நிறுத்தும்போது கியரில் போட்டுவிடுவோம். அப்படி நிற்கும்போது பிள்ளைகள்கூடப் பொத்தானை அழுத்தி விளையாடுவார்கள். ஓர் அங்குலம் நகராது.

அன்று அதைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றியிருந்தோம். பேட்டரி, பொறி தருகிற காயில், டைனமோ மூன்றும் புதிது. எங்கள் வீட்டில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர் உதவிக்கு வந்திருந்தார். ஒரகடத்தில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்பவர். அவர் சீட்டில் ஏறிக்கொண்டார். பெல்ட் நேராகச் சுற்றுகிறதா என்று பார்க்க, நான் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"சும்மா இருங்கக்கா. இத்தன வருசமா நகராத சவம், இன்னைக்கு மட்டும் ஓடிரவா போவுது?" என்றார் அவர். நானும் சிரித்தேன். அவர் அழுத்தினார்.

முனகல் வரவில்லை. வண்டி எம்பிப் பாய்ந்தது. என் சட்டைக் காலரைப் பக்கவாட்டில் யாரோ இழுத்தது மட்டும் தெரிந்தது. சாணியில் போய் விழுந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டிப்போய், சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்துவிட்டு வண்டி நின்றது.

"அண்ணே, அடி கிடி படலியே?" என்று கேட்டுக்கொண்டே குதித்து இறங்கினார் அவர்.

ஒயர் ஒன்று விடாமல் மாற்றிய எனக்கு, இரட்டைப் பலத்தில் ஸ்டார்ட்டர் வண்டியையே தள்ளிவிடும், கியரில் நிறுத்துகிற பழக்கம் ஆறு வோல்ட்டோடு போக வேண்டியது என்று தோன்றவே இல்லை. இன்றைக்கும் எந்த வண்டியைத் தொட்டாலும் முதலில் கியரைத்தான் பார்க்கிறேன்.

அன்று, என்னை இழுத்துப் போட்ட மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, பெயர்ந்து கிடந்த செங்கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அதுவரை ஏறியே பார்த்திராத அந்த டிராக்டரில் ஏறினாள். கியர்க் கம்பியை ஆட்டி ஆட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். எங்கள் இருவரையும் தள்ளி நிற்கும்படி கையைக் காட்டிவிட்டு, பொத்தானைத் தானே அழுத்தினாள்.