வெந்நீர்த் தொட்டியின் காற்றுத் துளைகள்

அந்த வெந்நீர்த் தொட்டியை ஆஸ்பத்திரியில் யாரும் நம்பவில்லை. அதை நடத்தும் பொறுப்பில் இருந்த நானும் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதான் வேலை என்று சென்னையில் நர்ஸ் பயிற்சியின்போது எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

1930-களின் தொடக்கம் அது. தோவாளைக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. கால் விழுந்து நடக்க முடியாமல் போனவர்களை நிற்கப் பழக்குவதற்காக அங்கே மார்பளவு ஆழத்தில் ஒரு சிமென்ட் தொட்டி கட்டியிருந்தார்கள். இளஞ்சூட்டு நீருக்குள் உடம்பின் கனம் குறைந்துவிடும். தரையில் நிற்க முடியாதவர்களும் அதில் நிற்பார்கள். நீரைச் சூடாக்கியது விறகு அல்ல, வாயு. வெளியே கொட்டகையில் இருந்த எந்திரம் பெட்ரோலின் ஆவியைக் காற்றோடு கலந்து குழாயில் அனுப்பும். தொட்டியை ஒட்டிய சிறிய அறையில், நீர் ஓடும் செப்புச் சுருளுக்குக் கீழே அது எரியும். தொட்டிக்கும் அந்த அடுப்பறைக்கும் நடுவே கதவில்லாத ஒரு வாசல் இருந்தது.

அதைப் பற்றவைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஜன்னலைத் திறக்க வேண்டும். பிறகு குனிந்து தரையருகே மோந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி கசிந்தால் கீழேதான் தங்கும். பிறகு சுருளுக்குள் நீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சின்னத் தீ. அது நிலைத்து நின்றால் வாயுக்குழாயின் பெரிய திருகைத் திறக்கலாம். தீ அணைந்துபோனால் உடனே இன்னொரு குச்சியைக் கிழிக்கக் கூடாது. எல்லாத் திருகையும் மூடி, அறை நன்றாகக் காற்றாடும்வரை வெளியே நிற்க வேண்டும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளானால் அதற்குக் காற்று போதவில்லை என்று பொருள். அப்போது அது விடும் நச்சுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளை மயக்கிவிட்டுக் கொன்றுவிடும். அதற்காகவே அடுப்பறைச் சுவரின் அடியில், தரையை ஒட்டி, இரண்டு காற்றுத் துளைகள் விட்டிருந்தார்கள்.

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். என் வயதுதான் இருக்கும். பிள்ளை பெற்ற கையோடு வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் தளர்ந்துவிட்டன. துணைக்கு மாமியார் வந்திருந்தாள். கைக்குழந்தையும் அவள் பொறுப்பில். சேர்ந்த சில நாட்களில், வராந்தாவில் அந்த அம்மாள் யாரோ உறவுக்காரியிடம் பேசியது என் காதில் விழுந்தது.

“கிறிஸ்மஸுக்குள்ள எழும்பி நின்னாண்ணா கூட்டிட்டுப் போவேன். இல்லேட்டா அவளுக்க வீட்டுல விட்டுட்டு, பிள்ளைய மட்டும் தூக்கிட்டுப் போவேன். கெடக்கிய பொண்ண வச்சுட்டு நான் என்ன செய்ய?”

அன்றிலிருந்து அந்த அம்மாளை நான் கவனிக்கத் தொடங்கினேன்.

ஆனி பிறந்து, மலைக் கணவாய் வழியாகக் காற்று வீச ஆரம்பித்ததும் தீ மஞ்சளானது. காலையில் பற்றவைக்கும்போது நீலம். பெண்ணைத் தொட்டியில் இறக்கிச் சற்று நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் நுனி மஞ்சள். செப்புச் சுருளில் கரி படிந்தது. எனக்குத் தலை கனத்தது. அவளும் தலை வலிக்கிறது என்றாள். குழாய் மூட்டுகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. புகைபோக்கியில் அடைப்பு இல்லை. கொட்டகை எந்திரம் சரியாகவே ஓடியது. காற்றுத் துளைகளைக் காலையில் பார்த்தால் திறந்துதான் கிடந்தன. எந்திரத்தில் குற்றம் இல்லை என்றால் மனிதரில் இருக்க வேண்டும்.

முதலில் விறகுக்காரர்மேல் சந்தேகம். வாயு வருவதற்கு முன் அண்டாவில் வெந்நீர் வைத்தவர் அவர்.

“நர்சம்மைக்க தீக்கும் தலவலியாக்கும்?” என்று சிரித்தார். “எனக்க அடுப்பு ஒரு நாளாவது மொகம் மாறிச்சா?”

பிறகு அவர் ஒரு கல்யாணத்துக்காகக் குலசேகரம் போனார். அவர் இல்லாத நாட்களிலும் தீ மஞ்சளாகவே எரிந்தது. அடுப்பறைப் பக்கத்தில் தினமும் இருந்தது இன்னொரு ஆள் மட்டும்தான். மருமகளைத் துவட்டும் துவர்த்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த மாமியார் அங்கேதான் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். மருமகள் நிற்காமல் போனால் யாருக்கு வசதி என்று யோசித்தேன். யோசித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், தொட்டிக்குள் அந்தப் பெண் கம்பியை விட்டுவிட்டு நின்றாள். கையைத் தூக்கிக் காட்டினாள். சிரித்தாள். உடனே அவள் முழங்கால் மடங்கியது.

“அக்கா, கண்ணு இருட்டுது.”

அவள் தலையை நீருக்கு மேலே பிடித்துக்கொண்டு கத்தினேன். மாமியார் சேலையோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். இருவருமாக இழுத்து வராந்தாவில் கிடத்தினோம். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, பெரிய திருகையும் சின்னத் திருகையும் மூடினேன். கொட்டகைக்குப் போய் அங்கிருந்த திருகையும் மூடினேன். திரும்பி வந்து, கதவு ஜன்னலெல்லாம் திறந்து அறை காற்றாடிய பிறகு, குனிந்து பார்த்தேன். இரண்டு துளைகளிலும் பழைய துணி இறுக்கித் திணித்திருந்தது.

துணியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். பெண் கண் திறந்திருந்தாள்.

“இதை யாரு வச்சா?”

“நான்தான் வச்சேன். அதுக்கென்ன?” என்றாள் மாமியார். அவள் மறுப்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

“எதுக்கு வச்சீங்க?”

“எதுக்கா? பேறு கழிஞ்ச உடம்பாக்கும். அந்தப் பொத்து வழியா காத்து வந்து அவளுக்க ஈர முதுகுல அடிக்குது. காத்து கேறினா பின்ன கால் வருமா? பேத்துக்குளிக்குக் கதவடைக்கணும்னு ஒனக்க அம்ம சொல்லித் தரல்லியா? படிச்ச பிள்ளையாம்! நீ தீயப் பத்தவச்சுட்டு அந்தால போவ, நான் அடைப்பேன். குளிச்சு முடிச்சதும் எடுத்திருவேன்.”

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும்போது ஓட்டை உடைசலெல்லாம் அடைப்பது வழக்கம்தான். அந்தக் குளியறைகளில் தீ எரியாது. வெந்நீர் வெளியே காய்ந்து, பானையில் உள்ளே வரும். அந்தத் துளை வழியாக வரும் காற்றைத்தான் தீ மூச்சாக இழுக்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். அவள் நம்பவில்லை. அவள் சொன்னதை நானும் பாதிதான் நம்பினேன்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். தொட்டியறையைப் பூட்டி, எந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். பெண் அழ ஆரம்பித்தாள்.

“எனக்கு நிக்கணும் மாமி. இண்ணைக்கு நின்னேன், நீங்க பாத்தீங்கல்லா?”

மாமியாருக்கு இது வசதியாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். அவள் ஈரச் சேலையோடு டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

“துணி வச்சது நான். தீக்க மேல குத்தமில்ல, இந்தப் பிள்ளைக்க மேலயும் குத்தமில்ல. பூட்டப்பிடாது.”

இரக்கத்தில் சொன்னாளா, பழி வந்துவிடும் என்ற பயத்தில் சொன்னாளா என்று எனக்கு இன்றும் தெரியாது.

டாக்டரம்மா ஒரு வாரம் தந்தார். நடுவாசலுக்கு இடைவெளியில்லாமல் மூடும் கதவு போட்டோம். காற்றுத் துளைகளுக்கு வெளியே, சற்றுத் தள்ளி, ஓலைத்தட்டி நட்டோம். காற்று நேராக அடிக்காமல் சுற்றி உள்ளே வரும். புதுக்கதவில் கண்ணாடிச் சில்லு ஒன்று பதித்து, அதன் முன்னால் மாமியாரை உட்காரவைத்தேன். நீரில் நின்றுகொண்டு நான் கேட்பேன்.

“நீலமா?”

“இப்பம் நீலம். இனி மாறுமாயிருக்கும்.”

குளியல் முடிந்ததும் அவள் வெளியே போய், தட்டிக்குப் பின்னால் குனிந்து துளையில் கையை வைத்துப் பார்ப்பாள். அவள் நகர்ந்ததும் நான் போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் திரும்பி வந்து என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

“என்ன பிள்ளே, துணியா தேடுத?”

“ஆமா.”

“நல்லாத் தேடு. நீ திருக அடச்சியாண்ணு கொட்டகைல பாத்துட்டுத்தான் நானும் வாறேன்.”

தீ பிறகு மஞ்சளாகவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம் அந்தப் பெண் கைத்தடியோடு பஸ் வரைக்கும் நடந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமியாரும், வழியனுப்ப நானும் பின்னால் போனோம். மாமியார் பாதி வழியில் நின்று, குழந்தையை என் கையில் தந்துவிட்டு, எதையோ மறந்தவள்போலத் திரும்பி அடுப்பறைப் பக்கம் போனாள். துளைகளைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

“ஏட்டி, பைய நட,” என்று முன்னால் போன மருமகளைப் பார்த்துக் கத்தினாள்.

பஸ் புறப்பட்ட பிறகு நானும் போய்த் துளைகளைக் குனிந்து பார்த்தேன். இரண்டும் திறந்தே இருந்தன.