எங்க கடை எலி இல்லை

எலி சுலபமாகச் சிக்கிவிடும். அது யார் இடத்து எலி என்று மனிதர்களை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். தொண்ணூறுகளில், கோலாலம்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு அதுதான் உத்தியோகம். எலியின் நுரையீரலில் உள்ள வைரஸின் மரபணுவை மெஷினில் கொடுத்துப் படித்து, காய்ச்சலில் விழுந்தவர் ரத்தத்தில் இருப்பதும் அதுதானா என்று ஒப்பிடுவோம். கூண்டும் கையுமாக வாசல் வாசலாக நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை

"நம்ம கடையில எலியே கிடையாது" என்று சத்தியம் செய்தார் முதலாளி. கெஞ்சிக் கூத்தாடி அடுப்படியில் கூண்டு வைத்தேன். மறுநாள் காலையில் பூனைக்குட்டி அளவில் ஒன்று உள்ளே உட்கார்ந்து முறைத்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்சமும் அசரவில்லை.

"இது எங்க கடை எலி இல்லலா பாஸ். பக்கத்துக் கடையில சாப்பிட்டுட்டு, இங்க படுக்க மட்டும் வரும்!"

கிள்ளான் ஆன்டி

காய்ச்சல் கண்ட ஒரு தெருவில் எல்லா வீட்டுக் கூண்டும் காலி. ஒரே ஓர் ஆன்டி மட்டும், "மாட்டிக்கிச்சு, ஓடி வா!" என்று போன் செய்தார். வெயிலில் பறந்து போனேன். கூண்டு பளபளவென்று இருந்தது. எலி வெந்து கிடந்தது. வெந்த நுரையீரலில் நான் எந்த மரபணுவைத் தேட? அழாத குறையாக, "ஏன் ஆன்டி?" என்றேன்.

"கிருமியோட கொடுத்தா உனக்கு ஆகாதுன்னுதான் தம்பி, கூண்டோட சுடுதண்ணியில முக்கி எடுத்தேன்."

மூட்டை தூக்கிய முனியாண்டி

இதுதான் இன்னும் மனசில் கிடந்து உறுத்துகிறது. முனியாண்டி கிள்ளானில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கியவர். காய்ச்சலோடு சிறுநீரகமும் கெட்டு, செத்துப் பிழைத்து வீடு திரும்பினார். "நோய் அவன் வீட்டு எலியால வந்தது, எங்க ஸ்டோர் சுத்தம்" என்று மேலாளர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

நாங்கள் இரண்டு இடத்திலும் கூண்டு வைத்தோம். வீட்டு எலிகளில் வைரஸே இல்லை. கிடங்கு எலியின் வைரஸும் முனியாண்டி ரத்தத்தில் இருந்ததும், நாங்கள் படித்த பகுதியில் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மூட்டைத் தூசியில் காய்ந்திருந்த எலி மூத்திரம் அவர் மூச்சில் ஏறியிருக்க வேண்டும். சுகாதார அதிகாரிகள் கிடங்கை மூடிச் சுத்தம் செய்ய வைத்தார்கள். முனியாண்டியைத் திரும்ப வேலைக்கு எடுக்க மேலாளர் மட்டும் மசியவில்லை.

நான் பெருமையோடு முனியாண்டி வீட்டுக்குப் போய் விவரம் சொன்னேன். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். முனியாண்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எலி எந்த இடத்து எலின்னு கண்டுபிடிச்சிட்டீங்க, சந்தோஷம் அண்ணே. என்னை யாரு திரும்ப வேலைக்குக் கூப்பிடுவாங்கன்னு அந்த மெஷின்ல தெரியுமா?"

இத்தனை வருஷத்தில் ஓர் எலிகூட என்னைக் கடித்ததில்லை என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட ஒரே சுகம்.