வேலைக்கு வரும் அம்மா

யாராவது பேச்சுக் கொடுத்தால் சஞ்சீவனி உடனே பதில் சொல்லமாட்டாள். ஒரு மூச்சுப் பொறுப்பாள். எதிரில் நிற்பவர் எந்தத் தமிழ் பேசுகிறார் என்பதைக் காது பிடித்துக்கொண்ட பிறகுதான் வாய் திறக்கும். திறந்தால் அதே தமிழ் வரும். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்தே இப்படித்தான். கடைவீதியில் முஸ்லிம் முதலாளியிடம் "நானா, சீனி ஈக்கா?" என்று கேட்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த விஞ்ஞான டீச்சரிடம் "ஓம் டீச்சர், விளங்குது" என்பாள். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவுக்குத் திரும்பியதும், "என்னாம்மா, இன்னும் சோறாக்கலயா?"

"எம் மக வாயில நாலு ஊரு குடியிருக்கு" என்று அவளுடைய அம்மா வீரம்மா கொழுந்து பறிக்கும் இடத்தில் பெருமையடித்துக்கொள்வாள். கூட நிற்கும் பெண்கள், "அப்ப நம்ம ஊருக்கு அதுல எடம் இருக்கா பாரு" என்று கிண்டல் செய்வார்கள்.

அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் சஞ்சீவனிதான். பேராதனை விடுதியில் அவளுடைய அறையில் இருந்த மற்ற மூவரும் யாழ்ப்பாணத்துப் பெண்கள். இரண்டாம் வருடம் முடிவதற்குள் அவர்களுக்கே அவள் தோட்டத்துப் பிள்ளை என்பது மறந்துபோயிற்று. "நீ எங்கடை ஆள்தானே" என்று ஒருத்தி தோளில் தட்டியபோது சஞ்சீவனிக்கு உள்ளே குளிர்ந்தது. ஏன் குளிர்ந்தது என்று அவள் அப்போது தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது அடிக்கடி கேட்டுக்கொள்கிறாள்.

பட்டம் வந்தது, வேலை வரவில்லை. அப்பா இறந்து, அம்மாவின் முழங்காலும் மலை ஏற மறுத்தபிறகு, இருவரும் கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் பளீல் என்பவருடைய வீட்டு மேல்மாடியில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் வாடகைக்கு எடுத்தார்கள். சஞ்சீவனி சாரிக்கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்தாள். அது எப்போதாவது வரும். மற்ற நாட்களில் சும்மா இருக்க முடியாமல், அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து, அதன் மேல் கம்பளியைத் தொங்கவிட்டு, அந்த மூலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு சிறுவர் கதைகளைச் சொந்தமாகக் கட்டிச் சொல்லிப் பதிந்து இணையத்தில் போட்டாள்.

முதல் கதை ஒரு கோபக்காரக் காகத்தைப் பற்றியது. விடுதித் தோழி ஒருத்தி கோபித்துக்கொள்ளும் விதம் காகத்துக்குப் பொருத்தமாக இருந்ததால், கதையை முழுக்க யாழ்ப்பாணத் தமிழில் சொல்லியிருந்தாள். லண்டனிலிருந்து யசோதினி என்ற தாய் எழுதினாள்: "தங்கச்சி, என்ரை மகன் ஆரூரன் இந்தக் காகத்தை நூறு தரம் கேட்டிட்டான். எங்கடை கதை பேச்சு இஞ்சை ஆரிட்டையும் இல்லை. நீங்கள் யாழ்ப்பாணத்திலை எவ்விடம்?"

சஞ்சீவனி எழுதினாள்: "இப்ப கண்டியிலை இருக்கிறன் அக்கா."

அதில் பொய் ஒன்றுமில்லை. அப்படித்தான் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

யசோதினி சும்மா இருக்கவில்லை. தன் மகன் போகும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவில் கதையைப் பகிர்ந்தாள். அவளே யோசனையும் சொன்னாள்: மாதச் சந்தா வையுங்கோ, நாங்கள் கட்டுறம். அப்படித்தான் 'வனி அக்காவின் கதைப்பெட்டி' தொடங்கியது. சில கதைகள் எல்லாருக்கும். மற்றவை சந்தா கட்டும் அங்கத்தவர்களுக்கு மட்டும். சனிக்கிழமைகளில் நேரலையில் கதை. லண்டனில் மத்தியானம், கனடாவில் காலை, அம்பிட்டியவில் விளக்கு வைக்கும் நேரம். கூடுதலாகக் கட்டும் வீட்டுப் பிள்ளையின் பெயர் கதைக்குள் வரும். நரியை ஏமாற்றுவது அந்தப் பிள்ளையாகவே இருக்கும். ஒரு வீடு பத்து வீட்டுக்குச் சொன்னது. சாரிக்கடைக்காரர்களின் அழைப்புக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. வாடகை, அம்மாவின் மருந்து, இணையக் கட்டணம் எல்லாம் கதைப்பெட்டியிலிருந்தே வந்தன.

ஒரு தடவை மட்டும் தன் வீட்டுத் தமிழில் ஒரு கதை சொல்லிப் பார்த்தாள். மூன்று வீடுகள் அந்த வாரமே சந்தாவை நிறுத்தின. ஒரு தகப்பன் மரியாதையாகவே எழுதியிருந்தார்: "இது இந்தியாத் தமிழ் மாதிரிக் கிடக்கு பிள்ளை. எங்கடை பிள்ளையளுக்குக் குழப்பமாப் போடும். பழையபடி சொல்லுங்கோ."

பழையபடி சொன்னாள். கம்பளிக்குள் தலையை நுழைத்தால் யாழ்ப்பாணம், வெளியே எடுத்தால் ஹுன்னஸ்கிரிய. உள்ளே காற்று இராது, வியர்த்து ஊற்றும். அங்கத்தவர் தொகை கூடக் கூட அந்த மூலை இறுகிக்கொண்டே வருவதுபோல் இருந்தது. படித்த படிப்புக்கு இது என்ன வேலை? நடிப்பா, பிழைப்பா? நடிப்பென்றால் பார்ப்பவருக்கு அது நடிப்பென்று தெரிந்திருக்க வேண்டாமா?

பதிவு நேரத்தில் வீரம்மா வாய் திறப்பதில்லை. குக்கர் விசில் அடிக்குமுன் அடுப்பை அணைத்துவிடுவாள். நேரலை என்றால் கீழே பளீலின் மனைவி றிஸானாவின் குசினிக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். சத்தம் ஆகாது என்று மட்டும்தான் சஞ்சீவனி சொல்லியிருந்தாள். எந்தச் சத்தம் ஆகாது என்பதை வீரம்மா தானாகவே விளங்கிக்கொண்டாள்.

ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மழை திடீரென்று அடித்தது. நேரலை பாதியில் இருந்தது. திரை நிறையப் பிள்ளைகள், பின்னால் தாய்மார், தேநீர்க் கோப்பைகள். கதவைத் தள்ளிக்கொண்டு வீரம்மா உள்ளே வந்தாள்.

"அடியே பாப்பா, மழ கொட்டுது, ஜன்னல சாத்தாம என்னா பண்ற? மெத்தையெல்லாம் நனையுது பாரு!"

திரையில் ஆரூரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அருகில் வந்தான். "வனி அக்கா, அது ஆர்?"

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. சஞ்சீவனி வழக்கம்போல் ஒரு மூச்சுப் பொறுத்தாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அது எங்கடை வீட்டை வேலைக்கு வாற அம்மா."

வீரம்மா ஜன்னல் கொக்கியில் கைவைத்தபடி நின்றாள். கொக்கியை மாட்டினாள். திரும்பிப் பார்க்காமல், குரலைத் தாழ்த்தி, "சரிங்கம்மா. நான் கீழ இருக்கேங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

கதை எப்படி முடிந்தது என்பது சஞ்சீவனிக்கு நினைவில்லை. முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். வீரம்மா படியில் உட்கார்ந்து நனைந்த துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"பின்ன என்னா சொல்லுவ? அவசரத்துல வாயில வந்தத சொல்லிட்ட."

"நீ ஏன் 'சரிங்கம்மா'ன்னு சொன்ன?"

வீரம்மா சிரித்தாள். "அதான் பாரு! பத்து வயசுல கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு விட்டாங்கள்ல, அங்க பழகுன பேச்சு. இத்தன வருசம் கழிச்சும் நாக்குலயே குந்தியிருக்கு. எனக்கே ஆச்சரியம்."

திட்டியிருந்தால் சஞ்சீவனி அழுதிருப்பாள். அழுதால் அதோடு முடிந்தும் போயிருக்கும். அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு துணியை வாங்கி மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தாள்.

அடுத்த வாரத்தோடு மறந்துபோகும் என்று நினைத்தாள். மறக்கவில்லை. பிள்ளைகள் "வேலை அம்மா எங்கை?" என்று கேட்டார்கள். யசோதினி எழுதினாள்: "எங்கடை வீட்டிலையும் சின்னனிலை மலைநாட்டுப் பிள்ளை ஒண்டு வேலைக்கு நிண்டது. என்னை இடுப்பிலை வைச்சுத் தூக்கித் திரிஞ்சவ. பேர் ஞாபகம் இல்லை, பாவம். அந்த அம்மாவையும் ஒருக்காக் கதை சொல்ல விடுங்கோவன்." வேறு தாய்மாரும் அதையே எழுதினார்கள். அவர்களுடைய வீடுகளிலும் அப்படி யாரோ ஒருத்தி நின்றிருந்தாள். அவர்களுக்கும் பெயர் ஞாபகம் இல்லை.

முடியாது என்று சொல்லத்தான் சஞ்சீவனி நினைத்தாள். ஆனால் முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். அம்மாவிடம் சொன்னபோது வீரம்மா தலைமுடியை முடிந்துகொண்டே, "சொல்றேன் வுடு. சும்மாதானே குந்தியிருக்கேன்" என்றாள்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் காலுறைக்குள் குடிபோன அட்டைப்பூச்சியின் கதையை வீரம்மா சொன்னாள். அட்டை பேசியது, கணக்கப்பிள்ளை குதித்தார், பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அவள் பேசியது அதே தமிழ்தான். மூன்று வீடுகளைக் குழப்பிய தமிழ். வேலைக்காரியின் வாயில் அது யாரையும் குழப்பவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை 'வேலை அம்மாவின் கதை' என்றாகி, அதற்காகவே புதிய அங்கத்தவர்கள் சேர்ந்தார்கள்.

கீழே றிஸானாவுக்கு இது பெரிய வேடிக்கை. "என்ன வீரம்மாக்கா, லண்டன் புள்ளைகள் ஒங்களத்தானாம் தேடுது! மகள் ஒங்களுக்குச் சம்பளம் ஏதாச்சும் தாறாவா? இல்லாட்டி செல்லுங்கோ, நான் கூடத் தந்து எங்கட வீட்டுக்கு எடுத்துக்கொள்றேன்."

"ஒங்க வீட்டு இறச்சிக் கறி குடுப்பீங்கன்னா இன்னைக்கே வந்துர்றேன்" என்றாள் வீரம்மா. படியில் நின்ற சஞ்சீவனி சத்தமில்லாமல் மேலே ஏறிப்போனாள்.

சொல்லிவிட வேண்டும் என்று அவள் பலமுறை தீர்மானித்தாள். தீபாவளிக்குச் சொல்லலாம் என்றிருந்தாள்; அன்றுதான் ஐந்து வீடுகள் புதிதாகச் சேர்ந்தன. தைப்பொங்கலுக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். பளீல் வாடகையைக் கூட்டினார். சொன்னால் என்ன நடக்கும்? சந்தா நிற்கும். அது மட்டுமா பயம்? 'நீ எங்கடை ஆள்தானே' என்ற குரல் நின்றுபோகும். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறாள் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மாசி மாதத்தில் லண்டனிலிருந்து ஒரு பொதி வந்தது. மேலே ஆரூரனின் கோணல் தமிழ் எழுத்தில் 'வேலை அம்மாவுக்கு' என்று இருந்தது. உள்ளே நீல நிறக் கம்பளிச் சட்டை. வீரம்மா அதைப் போட்டுக்கொண்டே அந்த மாத நேரலைக்கு உட்கார்ந்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"அம்மா, உங்கடை பேர் என்ன?" என்று ஆரூரன் கேட்டான். இத்தனை மாதத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

"வீரம்மா, சாமி."

"வீரம்மா" என்று அவன் சொல்லிப் பார்த்தான். "உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"

"இருக்கு சாமி. ஒரே மக. பெரிய படிப்பு படிச்சிருக்கா."

"அவ எங்கை இருக்கிறா?"

வீரம்மா மடிக்கணினிக்குப் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். கோபமோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் இடம் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிறவள் போல் இருந்தது.

"வனி அக்காவுக்குத் தெரியும், அவகிட்ட கேளு ராசா" என்றாள்.

சஞ்சீவனி குனிந்து திரைக்குள் வந்தாள். ஆரூரன் கண்ணாடியை உயர்த்திக் காத்திருந்தான். அவன் பின்னால் யசோதினி தேநீரோடு நின்றாள். அம்மாவின் தோள் அவள் தோளில் பட்டது. புதுக் கம்பளியின் மணம் வந்தது. இரண்டு பேரின் முகங்களும் ஒரே சதுரத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூக்கும் நாடியும் ஒரே அச்சு. யாராவது தாங்களாகவே கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று அந்தக் கணம் அவள் ஆசைப்பட்டாள்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"நேரம் போட்டுது பிள்ளையள்" என்றாள் சஞ்சீவனி. "ஆரூரன், அதுக்கு மறுமொழி அடுத்த கிழமை சொல்லுறன், என்ன?"

"பிறொமிஸோ அக்கா?"

"ஓம். பிறொமிஸ்."

திரை அணைந்தது. வீரம்மா எழுந்து கம்பளிச் சட்டையைக் கழற்றி, மடித்து, அலுமாரியில் வைத்தாள். "சோறு போடவா?" என்று கேட்டாள்.

அடுத்த கிழமை ஆரூரன் நினைவுபடுத்தினான். நரிக் கதை நீண்டுபோயிற்று என்றாள். அதற்கடுத்த கிழமையும் கேட்டான். இணைப்பு சரியில்லை என்றாள். பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். வெயில் காலம் வந்ததும் சனிக்கிழமைகளில் நீச்சல் வகுப்பு என்று யசோதினி அன்பாக எழுதிச் சந்தாவை நிறுத்தினாள். "வீரம்மாவுக்கு எங்கடை அன்பைச் சொல்லுங்கோ. ஆரூரன் இப்பவும் அவவின்ரை மகள் எங்கை எண்டு என்னைக் கேக்கிறான். எனக்கென்ன தெரியும்?"

"மிக்க நன்றி அக்கா" என்று சஞ்சீவனி பதில் அனுப்பினாள். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதி, அழித்தாள்.

லண்டன் முகவரி அந்தப் பொதியின் மேல் இருந்தது. அவள் அதை வெட்டி எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு தபாலட்டை போதும், ஒரு குரல் பதிவு போதும். கதைப்பெட்டிக்கு இப்போது எத்தனையோ அங்கத்தவர்கள். ஒவ்வொருவருக்கும் சொன்ன தேதியில் சொன்ன கதை தவறாமல் போகிறது. ஆரூரனுக்கு வாக்குக் கொடுத்த மறுமொழி மட்டும் போகவில்லை.