ஊறவைத்த தண்ணீர்

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

அறுபதுகளின் கடைசி. மழை பொய்த்த வருடம். ஒரகடம் பக்கத்துக் கல் குவாரியில் என் தம்பி ஜல்லி உடைத்தான். அம்மா அப்பா இல்லை. வீட்டில் நானும் அவனும்தான். கூலியில் பாதியை மேஸ்திரி பருப்பாகத்தான் அளந்து போடுவார். துவரை இல்லை. ஒரு பக்கம் சரிந்து, கோணல் கோணலாக இருக்கும்.

"இன்னா பருப்பு இது?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"கேசரிப் பருப்பும்மா. வடக்க இத்தத் துன்னுட்டுதான் கல்லு மாரி கீறானுங்க."

நம்பித் தொலைத்தேன். பருப்பு ஊறிய தண்ணீரைக் கொட்ட எனக்கு மனசு வராது. சத்தெல்லாம் அதில்தானே என்று அதிலேயே வேகவைப்பேன். பாறையோடு மல்லுக்கட்டுகிறவன் என்று அவன் தட்டில் பருப்பை அள்ளி வைத்துவிட்டு, நான் மிளகாயைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடிப்பேன். மூன்று மாதம் அப்படித்தான்.

ஒரு ஞாயிறு மாதா கோயில் பூசையில் முழங்கால் போட்ட தம்பி, எல்லோரும் எழுந்த பிறகும் எழவில்லை. "இன்னா பக்தி பாரு" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். பக்தியாம்! ஆண்கள் பக்கத்திலிருந்து அவன் கண் என்னைத்தான் தேடியது. ஓடினேன்.

"அக்கா, காலு வரமாட்டேங்குது."

அதற்குப் பிறகு அவன் குதிகால் தரையில் படவில்லை. முட்டியோடு முட்டி உரச, விரல் நுனியில் தடுமாறினான். குடித்துவிட்டு வருகிறான் என்று மேஸ்திரி வேலையை விட்டு விரட்டினார். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத பிள்ளை.

பட்டணத்து டாக்டர் என்ன சாப்பாடு என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பருப்பிலேயே ஒரு அமினோ அமிலம் இருக்கிறதாம். கால்களை ஆட்டுவிக்கும் நரம்புகளை அது சாகடித்துவிடுமாம். போனது போனதுதானாம்.

"ஊறவெச்ச தண்ணியையாவது கொட்டினீங்களா? விஷம் கொஞ்சம் அதோட போயிருக்கும்."



மிச்சப் பருப்பை முறத்தில் எடுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர் துவரம்பருப்புக் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் மனைவி முறத்தை எட்டிப் பார்த்தாள்.

"அய்ய, இத்தையா துன்னீங்க? எங்க வூட்டுல மாட்டுக்குக்கூட வெக்கமாட்டோமே."

முறத்தை அவர் இலையிலேயே கவிழ்த்தேன். என்ன பிரயோசனம்? தம்பிக்கு ஆயுசு முழுக்க இரண்டு தடிதான்.

டாக்டர் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது அவனும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம், பாவி.