சோமசேகரத்தின் வட்டப் பாதை

வாகனத்தை விட்டு இறங்குகிறவர்களின் கால்களைத்தான் சோமசேகரம் முதலில் பார்ப்பார். சப்பாத்து என்றால் ஒரு தலையசைப்பு. செருப்பு என்றால் ஒரு பெருமூச்சு. “பரவாயில்லை, நான் இருக்கிறன்தானே. இது குழந்தைப்பிள்ளையும் நடக்கிற காடு” என்று சொல்லிவிட்டு விசிலை ஊதுவார். ஊதுவதற்கு அவசியம் எதுவுமில்லை. எல்லோரும் அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

வீடு அன்புவழிபுரத்தில். திருகோணமலை நகரில் டைல்ஸ் கடையொன்றின் முகாமையாளர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்னியா வெந்நீரூற்றுக்கு அப்பாலுள்ள காட்டுக்குக் குடும்பங்களை அழைத்துப் போவதை ஊருக்குச் செய்யும் தொண்டாக நினைக்கிறார். குளக்கட்டில் தொடங்கி, காட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி குளக்கட்டுக்கே வந்து சேரும் லேசான பாதை. அதையும் கடைப் பேச்சிலேயே புகழ்வார்: “வழுக்காது, மேடு பள்ளமில்லை, பிள்ளையளுக்குப் பாதுகாப்பு.”

பச்சைத் தொப்பி போட்டிருப்பார். மேற்சட்டை முழுக்கப் பைகள்; அவற்றுக்குள் ஒன்றும் இராது. தண்ணீர், பிஸ்கட், பிளாஸ்டர் எல்லாம் மனைவி புஷ்பவதியின் தோளில் தொங்கும். புஷ்பவதி வரிசையின் கடைசியில் வருவார். “கடைசி ஆள்தான் முக்கியம்” என்பது கணவரின் விளக்கம். அந்தப் பாரத்தோடு யாராலும் கடைசியாகத்தான் வர முடியும்.

மரங்களும் தெரியும் என்பார். பாலையை வீரை என்பார், வீரையை முதிரை என்பார். யாராவது திருத்தினால், “அப்பிடியும் ஒரு பேர் இருக்கு” என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்வார்.

பாலைப்பழக் காலத்தில் நானும் ஒருமுறை போனேன். இன்னும் சில குடும்பங்கள் வந்திருந்தன. கிண்ணியாவிலிருந்து உம்மு குல்சும் என்ற ஆசிரியை, ஆறு வயது மகள் அம்ராவோடு வந்திருந்தார். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் சோமசேகரம் யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பினார்.

“போன முறை வலப்பக்கமெல்லோ போனனாங்கள்?” என்று பின்னாலிருந்து புஷ்பவதி கேட்டார்.

“வட்டப் பாதையில பிழையான பக்கம் எண்டு ஒண்டு இல்லை.”

பாதை ஒடுங்கியது. சூரைமுள் சேலைகளைப் பிடித்து இழுத்தது. உச்சி வெயிலில் தண்ணீரும் முடிந்தது. தலை உடைந்த ஒரு கறையான் புற்றைக் கண்டதும் அம்ரா நின்றுவிட்டாள். “அங்கிள், இதை நாங்க முதலே பாத்ததானே.”

“புற்றெல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும், மகள்” என்றார் சோமசேகரம். சற்று நேரத்தில் அதே புற்று மறுபடியும் வந்தது. அவர் அதைப் பாராமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு கடந்தார்.

அப்போதுதான் பற்றைக்குள் ஒரு கிளை முறிந்தது.

“யானை!”

கத்தியவரும் அவர்தான், ஓடியவரும் அவர்தான். வழியில் நின்ற அம்ராவைக் கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு ஓடினார். பிள்ளை சூரைப் பற்றைக்குள் விழுந்தாள். நாங்கள் அசையவில்லை. பற்றையை விலக்கிக்கொண்டு ஓர் எருமை தலையை நீட்டியது. எங்களைப் பார்த்து அசைபோட்டது. பிறகு தன்பாட்டில் திரும்பிப் போய்விட்டது.

உம்மு குல்சும் பிள்ளையைத் தூக்கினார். கன்னத்திலும் கையிலும் இரத்தம். புஷ்பவதி பையை இறக்கி வைத்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்து பிளாஸ்டர் ஒட்டினார். “அழாதேங்கோ குஞ்சு, முடிஞ்சுது, முடிஞ்சுது.” பிறகு எழுந்து காது கொடுத்துக் கேட்டார். “லொறிச் சத்தம் கேக்குது. றோட்டு அந்தப் பக்கம். வாங்கோ.” எல்லோரும் அவர் பின்னால் நடந்தோம். கொஞ்சத் தூரத்தில் தார் வீதி தெரிந்தது.

எல்லோரும் வெளியே வந்துவிட்டோம், வழிகாட்டியைத் தவிர.

“இஞ்சாருங்கோ!” புஷ்பவதி காட்டோரத்தில் நின்று கூப்பிட்டார். பதிலில்லை. இரண்டாம் முறை இன்னும் உரக்கக் கூப்பிட்டார். உண்மையான யானையும் அந்தக் காட்டில் உண்டுதானே. பையை வீதியோரத்தில் போட்டுவிட்டு உள்ளே நடந்தார். நானும் கூடப் போனேன்.

சோமசேகரம் ஒரு பாலை மரத்தின் கவட்டில் இருந்தார். பெரிய உயரமில்லை, அம்ரா என்றால் குதித்திருப்பாள்.

“கூப்பிட்டது கேக்கேல்லையோ?”

“கேட்டது. சத்தம் போட்டா யானை வருமெண்டுதான் பேசாமல் இருந்தனான்.”

“அது எருமை.”

அவர் ஒரு காலைக் கீழே நீட்டிப் பார்த்து மறுபடி இழுத்துக்கொண்டார். “என்னால இறங்க ஏலாது” என்றார் மெதுவாக. புஷ்பவதி மரத்தடியில் போய்க் குனிந்து தோளைக் கொடுத்தார். சோமசேகரம் அதில் சப்பாத்துக் காலை வைத்து இறங்கினார்.

வீதிக்கு வந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “நான் முன்னுக்குப் போய்ப் பாதை பாத்தனான்.”

“என்ட புள்ளயத் தள்ளிப்போட்டுட்டா பாதை பாக்கப் போன நீங்க?” உம்மு குல்சும் கேட்டார்.

“ஆர், நானோ?”

அவர் நடிக்கவில்லை. உண்மையான ஆச்சரியம்தான் முகத்தில் இருந்தது. எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. உம்மு குல்சும் மகளைத் தூக்கிக்கொண்டு, வந்த ஓட்டோவை மறித்து ஏறிப் போய்விட்டார்.

ஞாயிற்று நடை நிற்கவில்லை. புதிய குடும்பங்கள் வருகின்றன. யானையைச் சமாளித்த மனிதர் என்று இப்போது அவருக்குப் பெயர்கூட உண்டு. போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது, புதிதாகப் பேர் கொடுக்க வந்திருந்த ஒரு தம்பதிக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதிரையில் இருந்தபடி சொல்ல முடியாமல் எழுந்து நின்றார்.

“யானை முன்னால நிக்குது. இஞ்சால சின்னப் பிள்ளை. நான் ஒண்டும் யோசிக்கேல்லை. பிள்ளையை அப்பிடியே ஒரு பக்கம் தள்ளிக் காப்பாத்திட்டன்...”

புஷ்பவதி தேநீர்த் தட்டோடு குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் கணவரின் பக்கம் பார்க்கவேயில்லை. தள்ளிக் காட்டச் சோமசேகரத்தின் கை எழுவதற்கு முன்பே ஓரடி பின்னால் வைத்து, தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.