பல் ஆஸ்பத்திரியில் கேக் தீர்ந்த கதை

என் மருமகளுக்குக் கை இரண்டுதான். ஆனால் அவள் வேலை செய்கிற வேகத்தைப் பார்த்தால், மேசைக்கு அடியில் இன்னும் நாலு கையை ஒளித்து வைத்திருக்கிறாளோ என்று தோன்றும். கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது அவள் தொழில். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறு பக்கம் பால் புட்டி, நடுவில் மடிக்காத சின்னச் சின்னத் துணிகள். அந்தத் துணிகளின் சொந்தக்காரி, பிறந்து எட்டு வாரமான என் பேத்தி பட்டு. அவளைப் பற்றி ஆரம்பித்தால் காகிதம் போதாது. மருமகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பட்டு நாற்பது நிமிஷத்துக்கு மேல் தூங்கமாட்டாள். இப்படித்தான் ஆகும் என்று மருமகள் முன்பே யோசித்து, வயிற்றுப் பிள்ளையோடு உட்கார்ந்து டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தாள். எல்லாப் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வருகிற கோடிங்கை ஒரே தடவை எழுதி, ஒரு பெயர் வைத்து, கம்ப்யூட்டரில் சேமித்துவிடுவாள். பிறகு பெயரைத் தட்டி, கீபோர்டில் டேப் பட்டனை அமுக்கினால் இருபது வரி மடமடவென்று வந்து விழும். கடைக்குக் கடை மாறுகிற இடங்கள் மட்டும் காலியாக இருக்கும்.

பேர், போன் நம்பர், முகவரி, வந்த விஷயம் என்று எல்லாவற்றையும் துருவிக் கேட்கிற படிவத்துக்கு அவள் வைத்த பெயர் ‘அத்தை’. பக்கத்தின் அடியில் வாய் திறக்காமல் கிடக்கிற பகுதி ‘புருஷன்’. கடை திறக்கிற, மூடுகிற நேரத்தைச் சொல்கிற பகுதி ‘மாமா’.

“எனக்கு ஏம்மா இந்த வேலை?” என்று கேட்டேன்.

“மணி என்னன்னு ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்றது யாரு மாமா?”

பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு வந்த முதல் பெரிய வேலை, புதிதாகத் திறக்கிற ஒரு பல் ஆஸ்பத்திரி. அது சரியாக அமைந்தால் டாக்டரின் மற்ற இரண்டு கிளைகளும் அவளுக்குத்தான். பட்டுவை விட்டுவிட்டு வெளி வேலைக்குப் போக வேண்டாம். ஐந்து பக்கத்தையும் முடித்துக் காலையில் அனுப்பினாள். பன்னிரண்டு மணிக்கு டாக்டர் போன் செய்தார்.

“ஏம்மா, நான் எப்பம்மா கேக் வித்தேன்?”

“சார்?”

“‘கடைசி கேக் தீர்ந்ததும் கடையைச் சாத்திடுவோம்’னு அஞ்சு பக்கத்துலயும் போட்டிருக்கே! நாலு மணிக்குத் திறப்பு. ரெண்டுக்குள்ள சரியாகலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

மருமகள் ‘மாமா’வைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். பழைய கேக் கடைப் பக்கத்திலிருந்துதான் டெம்ப்ளேட் எல்லாம் எடுத்திருந்தாள்.

“கடைக்காரரோட வார்த்தையை எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துட்டே வந்தேன் மாமா. இந்த வரிகிட்ட வந்தப்பதான் வலி எடுத்துச்சு. அப்படியே மூடிட்டுக் கிளம்பிட்டேன்.”

பேத்தி வந்த அவசரத்தில் கேக் தங்கிவிட்டது!

டெம்ப்ளேட்டைத் திருத்தினாள். “இனிமே போடுறதுக்குத்தான் இது. ஏற்கெனவே விழுந்தது விழுந்ததுதான்” என்று சொல்லி, அந்த வரியைத் தேடி ஐந்து பக்கத்திலும் ஒரே தட்டில் மாற்றினாள்.

“அவ்வளவுதானே?” என்றேன்.

“அங்கதான் இடிக்குது. தெரிஞ்ச தப்பைத் தேடலாம். வேற என்ன விட்டேன்னு தெரியாம எதைத் தேடறது? நானே எழுதினது, என் கண்ணு தாண்டித் தாண்டி ஓடுது. நீங்க எழுத்துக் கூட்டித்தானே படிப்பீங்க? வாங்க, உக்காருங்க.”

அந்த நேரம் பார்த்துப் பட்டு விழித்து வீறிட்டாள். மருமகள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து வரிக்கு வரி விரலை நகர்த்தினேன்.

“ஸ்க்ரீன்ல விரல் வைக்காதீங்க மாமா, கறை படியுது!”

“விரல் இல்லாம எனக்குப் படிக்க வராதும்மா.”

நாலு பக்கம் சுத்தம். மணி ஒன்றரை. ஐந்தாவது, கட்டணப் பக்கம். பல் பிடுங்க, பல் அடைக்க, பல் கட்ட என்று விலை வரிசையாக இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. இரண்டு தடவை கூட்டிப் படித்தேன்.

“ஏம்மா, பன்னெண்டு பல்லைப் பிடுங்கினா பதிமூணாவது சும்மாவா?”

“என்னது?”

“‘டஜன் வாங்கினால் ஒன்று இலவசம்’னு இருக்கே.”

ஓடி வந்து பார்த்தவள் “ஐயோ!” என்று கத்தினாள். கத்தல் பாதியில் சிரிப்பாகிவிட்டது. அந்தச் சிரிப்பில் பட்டுவே அழுகையை நிறுத்திவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். குழந்தையை என் மடிக்கு மாற்றி, வரியை எடுத்து, ஒன்றே முக்காலுக்கு அனுப்பிவிட்டாள்.

இரண்டேகாலுக்கு டாக்டர் கூப்பிட்டார். “இப்ப சரியா இருக்கு. மத்த ரெண்டையும் நீயே செஞ்சிடும்மா. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் படிச்சுப் பாக்கட்டும்.”

“ஆள் இருக்காங்க சார். ரொம்ப மெதுவாத்தான் படிப்பாங்க, ஒண்ணையும் விடமாட்டாங்க” என்றாள் என்னைப் பார்த்து.

மறுநாளே எல்லா டெம்ப்ளேட்டையும் திறந்து என்னைப் படிக்க வைத்துச் சுத்தம் செய்தாள். கேக் வரியை மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதைத் தனி டெம்ப்ளேட்டாகச் சேமித்து, ‘பட்டு’ என்று பெயர் வைத்தாள்.

“இது எந்தக் கடைக்கும்மா?”

“கடைக்கு இல்ல மாமா. அவ வந்த நேரம் இது.” பெயரைத் தட்டி டேப்பை அமுக்கிக் காட்டினாள். ‘கடைசி கேக் தீர்ந்ததும் கடையைச் சாத்திடுவோம்’ என்று வந்து விழுந்தது.

உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. நாற்பது நிமிஷம் தீர்ந்துவிட்டது. கடையைச் சாத்திவிட்டு இருவரும் எழுந்தோம்.